அறுபத்து மூன்று பிழைகள்

முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று நம் குழுவில் மூன்று நாட்களாக வாதம் நடக்கிறது. காலை வணக்கப் பூக்களும் ஓய்ந்தபாடில்லை. போதும், பெண்களே. கைப்பேசியைக் கொஞ்சம் கண்ணருகே பிடித்துக்கொண்டு, நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருடத்துக்கு வாருங்கள். ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பெருமைப்படத் தக்கது இல்லை. போன மாதம் வரை, ஐம்பது வருடத்துக்கு மேலாக இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, கட்டிய மனிதருக்குக்கூட.

பார்த்தெழுதுதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? தமிழ் ரீச்சர் கரும்பலகையில் அரைப்பலகைக்கு எழுதிப் போடுவார். நாம் கொப்பியில் அப்படியே இறக்க வேண்டும். ஒரு கொம்பு விட்டால் ஒரு புள்ளி வெட்டு. ஒரு சொல் மாறினால் இரண்டு. சொந்தமாக ஒரு வசனம் சேர்த்தவள் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நிற்க வேண்டும். உங்களில் சிலருடைய இன்றைய வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் ஒருநாளும் நின்றதில்லை. என் கொப்பி முழுக்க நட்சத்திரம். அதனால் வந்த தலைக்கனத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நாங்கள் கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். மற்றப் பாதியில் வீட்டுக்கார மாமி. அவர் மடவளையிலிருந்து கலியாணம் முடித்து வந்த முஸ்லிம் பெண்மணி, கணவர் காலமாகிவிட்டார். எங்கள் இரு குசினிக்கும் நடுவில் ஒரு பாதிச் சுவர்தான். அவருடைய ஏலக்காய் வாசம் எங்கள் பக்கமும், அம்மாவின் மிளகாய்த்தூள் வறுக்கும் தும்மல் அவர் பக்கமும் தாராளமாகப் போய்வந்தன. மழைக்காலத்தில் காலை எட்டு மணி வரை மலைப்பக்கம் ஒன்றும் தெரியாது. பஸ் வருவது சத்தத்தில்தான் தெரியும்.

அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆனால் அவரை யாராவது கிளாக்கர் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அவர் எழுத்தாளர். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் எங்கள் முன்னறையில் நாலைந்து ஆண்கள் கூடி இலக்கியம் பேசுவார்கள். அவர்கள் நடுவில் கால்மேல் கால் போட்டபடி இருக்கும் அப்பாவைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பா எழுதும் முறை ஒன்று உண்டு. கச்சேரியில் பழுதாய்ப் போன படிவங்களின் பின்பக்கத்தில், பஸ்ஸிலும் மேசையிலுமாகக் கிறுக்கிக் கொண்டுவருவார். கோழி கிளறிய மாதிரி இருக்கும் எழுத்து. அச்சுக் கோப்பவர்கள் ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாதான் எல்லாவற்றையும் பார்த்தெழுதுவார். புல்ஸ்காப் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு, குண்டு குண்டான நீல மை எழுத்தில். மை காயும்வரை மையொற்றுத் தாளை உள்ளங்கையால் அமர்த்திப் பிடிப்பார். அந்த மையொற்றுத் தாள் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அதன் இளஞ்சிவப்பு நிறத்தைச் சொன்னாலும் என் பேத்திக்குப் புரியாது.

அப்பா கடைசித் தாளில் கையெழுத்து மட்டும் போடுவார். வாசிக்க மாட்டார். "நான் ஒருக்கா எழுதினதைத் திருப்பிப் பாக்கிறேல்லை. திருப்பிப் பாத்தால் வேகம் போயிடும்" என்று கூட்டத்தில் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கதை மட்டுமல்ல, பெரிய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலும் அம்மாவின் கையால் பிரதி எடுக்காமல் அனுப்ப மாட்டார்.

அந்த வருடம் பெரஹரா ஊர்வலம் முடிந்து யானைகள் ஊர் திரும்பிய கையோடு, கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழில் அப்பாவின் தொடர்கதை தொடங்கியது. பதினான்கு வாரம். கதாநாயகி ஒரு இளம் ஆசிரியை. நாங்கள் அவளைக் கதை ரீச்சர் என்றே சொல்வோம். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை ஒரு எஞ்சினியர். அவன் வசதியான வேறொரு இடம் பார்த்துக்கொண்டு இவளைக் கைவிடுகிறான். கதையை எப்படி முடிப்பது என்பதை அப்பா முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "கடைசி அத்தியாயத்திலை அவளை மகாவலி கொண்டு போகும்." முன்னறையில் எல்லோரும் செத்த வீட்டில் இருப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு தேத்தண்ணி குடித்தார்கள்.

முதலாம் அத்தியாயத்தை வாங்கிப் பார்த்தபோதே அம்மா கேட்டார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் பக்கத்தில் பெருக்கல் கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

"ஏனப்பா, இந்தப் பிள்ளை எந்த நேரமும் அழுதுகொண்டிருக்கிறாள்? பள்ளிக்கூடத்துக்கு எப்ப போறவள்?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பொம்பிளை அழாமல் கதை எப்பிடி நகரும்? நீர் பாத்து எழுதும்."

அம்மா பார்த்து எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் அப்பா முதலில் தன் பெயரைப் பார்ப்பார். பிறகு படத்தை. பிறகு ஒரு தேத்தண்ணி. அதன் பிறகுதான் கதையை வாசிப்பார். முதல் அத்தியாயம் வந்த அன்று வாசித்துக்கொண்டு போனவர் நெற்றியைச் சுருக்கினார். அவர் எழுதிய மான்விழி, கொடியிடை எல்லாம் காணாமல் போயிருந்தன. அவள் பஸ் தரிப்பில் நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு வசனம் இருந்தது.

"ஆசிரியர் கை வைச்சிருக்கிறார்" என்றார். கோபமா சந்தோசமா என்று அவருக்கே தெரியவில்லை. கொழும்பில் இருக்கும் பெரிய பத்திரிகை ஆசிரியர் தன் கதையில் மினக்கெட்டுக் கை வைப்பது லேசான மரியாதையா? மூன்றாவது வாரம் அவருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமே எழுதினார். ‘தங்கள் பொன்னான கரங்கள் பட்டு என் பாத்திரம் உயிர் பெற்றது’ என்று. வழக்கம்போல அம்மாதான் அதையும் பிரதி எடுத்தார்.

பதில் வந்தது. ‘தங்கள் பிரதியில் நான் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடவில்லை.’ அப்பா அதைக் கூட்டத்தில் வாசிக்காமல் வீட்டில் மட்டும் வாசித்தார். "பாத்தீரோ, பெரிய மனிசரின்ர அடக்கத்தை?" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. அந்த வீட்டில் மூன்று பேர். ஒருவர் எழுதுகிறார், ஒருவருக்குப் பெயர், ஒருத்திக்கு இரண்டுமே விளங்கவில்லை.

அடுத்த போயாவுக்குத் தமிழ் மாஸ்டர் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பஸ் தரிப்பு வசனத்தை எழுந்து நின்று வாசித்தார்.

"இஞ்சை கேளுங்கோ. ‘அறுந்த செருப்பு வாரை ஊசியால் குத்தியிருந்தாள். ஒருவரும் பாராதபடி வலது காலைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.’ இதைப் பொம்பிளையள் எழுதியிருந்தால் ஒரு பக்கத்துக்கு அழுது வைச்சிருப்பினம். தள்ளி நிண்டு பாக்கிறதுக்கு ஒரு ஆம்பிளையாலைதான் ஏலும்."

அப்பா அடக்கமாகச் சிரித்தார். ஆசிரியரின் கையைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை. அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து மாஸ்டருக்கு முன்னால் நின்றார்.

"சீனி காணுமோ, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் செருப்பு எங்கள் வீட்டு வாசலில்தான் கிடந்தது, ஊசியோடு. மாஸ்டர் தன் சப்பாத்தை அதற்குப் பக்கத்தில்தான் கழற்றி வைத்திருந்தார்.

ஆண்களுக்குப் போயா என்றால் குசினிக்கு ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு வீட்டுக்கார மாமி பாதிச் சுவரைச் சுற்றி வருவார். மஹய்யாவையிலிருந்து தையல் அக்காவும் வருவார். அம்மாவுக்கும் மாமிக்கும் சட்டை தைத்துக் கொடுப்பவர் அவர். மாமி குர்ஆன் ஓதுவார், தமிழ் எழுத்துத் தெரியாது. தையல் அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவின் கை எப்போதும் வேலையாக இருக்கும். ஆகவே கதையைச் சத்தமாக வாசிப்பது என் உத்தியோகம். பலகைக்கட்டையில் இருந்துகொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கும் குரலில் வாசிப்பேன். அடுப்புச் சாம்பலின் சூடு, ஈர விறகுப் புகை, மாமி கொண்டுவரும் தொதல் இனிப்பின் எண்ணெய் வாசம். விரலில் ஒட்டிய தொதல் பத்திரிகை ஓரத்தில் பட்டு எழுத்து கண்ணாடி போலத் தெரியும்.

உண்மையான விமர்சனம் அங்கேதான் நடந்தது. எஞ்சினியர் வேறு பெண் பார்த்துவிட்டான் என்று வாசித்த அன்று தையல் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"போனா போறான் விடுங்க. அவன் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க. தபால்ல இல்லைங்க, நேர்ல போய், மூஞ்சைப் பாத்துக் குடுக்கணும்."

"கொமருப் புள்ள தனியப் போனா சனம் கதைக்கும்" என்றார் மாமி. "யாரையாச்சும் கூட்டிட்டுப் போகச் செல்லுங்க."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஞாயிறு கழித்து வாசிக்கிறேன்: கதை ரீச்சர் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் கிழவியைக் கூட்டிக்கொண்டு எஞ்சினியரின் கந்தோருக்கே போகிறாள். மோதிரத்தை அவன் மேசையில் வைக்கிறாள். கிழவி அவனைப் பார்த்து வெற்றிலைச் சாற்றை யன்னலுக்கு வெளியே துப்புகிறாள். தையல் அக்கா கைதட்டினார். மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"நாங்க கதைச்சது எல்லாம் அங்க ஈக்கே! புள்ள, ஒங்கட வாப்பா செவுத்துல காத வெச்சிட்டு ஈக்கிறாரா?"

நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா எவ்வளவு கெட்டிக்காரர், முன்னறையில் இருந்தபடியே குசினியில் பேசுவதைக் கேட்டு எழுதுகிறாரே என்று வியந்தேன். உங்களிடம்கூட இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தது நினைவு.

பாவம் அப்பா. ஆசிரியர் கதையை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்துக்கு அடுத்த அத்தியாயத்தை இழுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் முடிவை மட்டும் விடவில்லை. கூட்டத்தில் வாக்குக் கொடுத்தாயிற்று. கதை ரீச்சர் எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆறு அவளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. குசினியிலும் அது தெரிந்துவிட்டது, நான்தான் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாமி வாசலில் வைத்தே கேட்பார்: "கொமரு உசுரோட ஈக்கிறாளா?" போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குத் தூது சொல்வார்: "தங்கச்சி, ஒங்கட மாப்பிள்ளைக்கிட்டச் செல்லுங்க. அந்தப் புள்ளய மௌத்தாக்க வேணாம்."

"ஆத்துல வுழுந்தா அவங்க அம்மாவுக்கு யாருங்க கஞ்சி ஊத்துறது?" என்பார் தையல் அக்கா. "ரெண்டு நாள் படுத்துக் கெடந்துட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்க."

மார்கழி விடுமுறை வந்தது. என் தேர்ச்சி அறிக்கையை அப்பாவிடம் காட்டினேன். பார்த்தெழுதுதலுக்கு நூற்றுக்கு நூறு. அப்பா கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "நல்லம். ஆனா அம்மாவைப் போல வராது. அம்மா ஒரு புள்ளி விடாமல் எழுதுவா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூற்றுக்கு நூறுக்கு மேல் என்ன இருக்கிறது? யோசித்துப் பாருங்கள், பத்து வயதுப் பெண், தகப்பன் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரே பிள்ளை. அம்மாவோடு போட்டி போட எனக்கு அந்த ஒரு பாடம்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை, மாமியோடு அம்மா மடவளையில் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போயிருந்தார். மேசையில், வானொலிப் பெட்டிக்குக் கீழே, கடைசி அத்தியாயத்தின் பிரதி குண்டூசி குத்தித் தயாராக இருந்தது. பக்கத்தில் அப்பாவின் கிறுக்கல். அந்த விடுமுறையில்தான் நான் அப்பாவின் எழுத்தை வாசிக்கப் பழகியிருந்தேன். என் பரிசுப் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்து முனை சீவினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரீச்சர் நம் கொப்பியைத் திருத்துவது போலத் திருத்தத் தொடங்கினேன்.

எனக்கே அதிர்ச்சி. அம்மாவுக்குப் பார்த்தெழுதவே தெரியவில்லை! ‘கண்ணீர் ஆறாய்ப் பெருக’ என்று அப்பா எழுதியிருக்கிறார், அம்மா அதை விட்டுவிட்டார். ‘பேதை’ என்று இருக்கிறது, அம்மா ‘அவள்’ என்று எழுதியிருக்கிறார். வரிக்கு வரி சிவப்பு வட்டம் போட்டேன். கடைசி இரண்டு பக்கமும் மூலத்தோடு ஒரு சொல்லும் பொருந்தவில்லை. அப்பாவின் தாளில் அவள் ஆற்றில் போகிறாள், அம்மாவின் தாளில் பஸ்ஸில் போகிறாள். அதற்கு மேல் வட்டம் போட முடியாமல் மூலைக்கு மூலை ஒரு பெரிய கோடு இழுத்தேன். மற்ற இடங்களில் எண்ணியது அறுபத்து மூன்று. முதல் பக்கத்தின் மேலே, ‘63 பிழைகள். கவனம் போதாது’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அப்பா கச்சேரியால் வந்து குடையை மடக்கி வைக்கக்கூட விடவில்லை. ஓடிப்போய் நீட்டினேன்.

"அப்பா, அம்மாவை விட நான் நல்லாய்ப் பாத்தெழுதுவன். இஞ்சை பாருங்கோ."

அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து வாசித்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி நிலத்தில் ஓடியது. முடிந்ததும் என் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரி" என்றார். அந்தக் கையில் பாரமே இல்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக மோசமான புகழ்ச்சி அதுதான். இப்போதும் யாராவது என்னைக் கெட்டிக்காரி என்றால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அம்மா வந்து சேலையை மாற்றி, பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"இஞ்சேரும்."

அம்மா மாக் கையோடு வந்தார். மேசையில் சிவப்பைக் கண்டதும் என்னைத்தான் முதலில் பார்த்தார். கோபமில்லை. அப்போது என்னவென்று விளங்காத ஒரு பார்வை.

"நான் தந்ததிலை இவள் ஆத்துக்கை போறாள். இதிலை பஸ்ஸிலை போறாள். இது ஆர் எழுதினது?"

அம்மா கையில் ஒட்டிய மாவை உதிர்த்தார். பிறகு, "ஏனப்பா, அவள் படிச்ச பிள்ளை. உழைக்கிறவள். அவளை ஏன் சாகவிடுறியள்?" என்றார்.

"அது கதை."

"கதை எண்டபடியால்தானே கேக்கிறன். உண்மையாய் ஒருத்தி செத்தால் ஆரட்டைப் போய்க் கேக்கிறது?"

"இந்த அத்தியாயம் மட்டுமோ?"

"இல்லை. துவக்கத்திலையிருந்து."

அப்பாவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது எனக்கே தெரிந்தது. செருப்பு. மோதிரம். மாஸ்டர் எழுந்து நின்று வாசித்தது. கடைசியாகக் கொழும்புக்குப் போன கடிதம்.

"ஆசிரியருக்கு நான் எழுதின கடிதம்... அதையும் நீர்தானே பாத்தெழுதினனீர்?"

"ஓம்."

"அதிலை ஏதும் மாத்தினனீரோ?"

"இல்லை. அதிலை ஒரு சொல்லும் மாத்தேல்லை."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்ர கதை அது. என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டனான். நீங்கள் சிரிச்சனியள்."

இன்றைக்கு நடுநிலையாக நின்று பார்த்தால் அப்பா சொன்னதும் நியாயம்தான். அது அவருடைய கதை. கேளாமல் கை வைத்தது பிழை. ஆனால் கேட்டால் சிரிப்பு, எழுதிக் கொடுத்தால் கையெழுத்து அவருடையது, மாற்றினால் பாராட்டு முன்னறைக்கு. அம்மாவுக்கு வேறு எந்த வழி இருந்தது என்று ஐம்பது வருடமாக யோசிக்கிறேன். அப்பா சத்தம் போட்டிருந்தாலாவது அம்மா அழுது தீர்த்திருப்பார். அவர் சத்தம் போடவில்லை. அந்தத் தாள்களை நேராக அடுக்கி அம்மாவிடம் நீட்டினார். அம்மா குசினிக்குக் கொண்டுபோய், பிட்டு அவிக்கும் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். சிவப்புக் கோடு போட்ட கடைசிப் பக்கம் எரிந்து முடியும்வரை நான் வாசலில் நின்றேன். என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது.

அப்பா இரண்டு பின்னேரம் கச்சேரியால் வந்ததும் வராததுமாக இருந்து, கடைசி அத்தியாயத்தைத் தானே எழுத்தெழுத்தாக வரைந்தார். தபால் கந்தோருக்கும் தானே போனார்.

அது வெளிவந்த ஞாயிறு நல்ல மழை. மாமியும் தையல் அக்காவும் வழக்கத்தை விட முந்தியே வந்துவிட்டார்கள். நான் வாசித்தேன். பாலத்துக்கு அவள் வந்து சேர்ந்ததும் பத்திரிகையை மடித்து, "முடிஞ்சுது" என்றேன்.

"எங்க முடிஞ்ச?" என்றார் மாமி. "இன்னும் அரைப் பக்கம் ஈக்குதே." எழுத்துத் தெரியாவிட்டாலும் பத்தி தெரியும் அவருக்கு.

அம்மா துருவலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "உள்ளதை வாசி, பிள்ளை."

வாசித்தேன். அந்தப் பேதை கண்ணீர் ஆறாய்ப் பெருக நின்றாள். மகாவலித் தாய் அவளைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். வானம் அழுதது. செய்தி வாசிக்கும் குரல் எனக்கு வரவில்லை.

மாமி, "இன்னாலில்லாஹி" என்று முணுமுணுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தையல் அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "மோதிரத்தை மூஞ்சிக்கு நேரா வச்சிட்டு வந்த புள்ளை! அது போய் விழுமா? இது என்னாங்க கதை?"

கூரைத் தகரத்தில் மழைச் சத்தம். அம்மா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார்.

"அவள் குதிக்கேல்லை" என்றார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அவள் பாலத்துக்குப் போனது உண்மை. கீழே பார்த்ததும் உண்மை. ஆறு கலங்கி, மூங்கில் பத்தையெல்லாம் அடித்துக்கொண்டு ஓடியது. அப்போது பின்னால் ஒரு சின்னப் பெண் "ரீச்சர்" என்று கூப்பிட்டாள், அவளுடைய வகுப்புப் பிள்ளை. மழைக்குத் தலையில் வாழையிலை பிடித்திருந்தாள். "ரீச்சர், நாளைக்கு எங்களுக்குப் பின்னக் கணக்கோ?" என்று கேட்டாள். இவள் ஓம் என்றாள். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது. பஸ் வந்தது. பிள்ளையை முதலில் ஏற்றி, தானும் ஏறினாள். யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பாலம் முடியும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு போனாள், நல்ல ஆறு என்று நினைத்தாள்.

"அவ்வளவுதான்" என்றார் அம்மா.

மாமி மூக்கை உறிஞ்சினார். "அப்ப பேப்பர்ல?"

"பேப்பரிலை வந்தது வேறை."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், தங்கச்சி?"

"நான்தான் எழுதினனான்" என்றார் அம்மா. "முதல் கிழமையிலையிருந்து. அவர் தருவார், நான் மாத்தி எழுதுவன். நீங்கள் ரெண்டு பேரும் சொன்னதையும் போட்டனான்."

முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஒருவரும் வரவில்லை. தையல் அக்காதான் முதலில் சிரித்தார். "அதானே பாத்தேன்! எந்த ஆம்பளைக்குங்க செருப்பு வார்ல ஊசி குத்தத் தெரியும்?" மாமியும் கண்ணீரோடு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கதை அப்பாவின் முடிவோடு சின்னப் புத்தகமாக வந்தது. பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாஸ்டர் பேசினார். அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அப்பா புதிதாக ஏதோ கிறுக்கி, ஒன்றும் பேசாமல் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனார். கேட்க வெட்கம், வேறென்ன. அம்மா அதற்கு மேல் ஒரு உப்புப் போத்தலைத் தூக்கி வைத்தார், காற்றில் பறக்காமல் இருக்க. வாரக் கணக்காக அது அங்கேயே கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அப்பா எழுதுவதை விட்டார். போயாக் கூட்டமும் நின்றது. அவர்கள் சண்டை பிடித்ததில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு அம்மாதான் சோறு ஊட்டினார்.

அப்பா போன பிறகு ஒருநாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், சொந்தப் பெயரில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று.

"ஆர் பாத்தெழுதித் தாறது?" என்றார் அம்மா. "அவருக்கு நான் இருந்தன். எனக்கு ஆர் இருந்தது?"

நான் இருந்தேனே அம்மா என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் திருத்த முடியாத ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

இதெல்லாம் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன மாதம், பல்லேகலையில் கிரிக்கெட் மாட்ச் நடந்து வீதியெல்லாம் அடைத்துக் கிடந்த நாளில், ஓர் இளம் விரிவுரையாளர் முச்சக்கர வண்டி பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். மலையகத்துப் பிள்ளை, கண்டியில் எழுதப்பட்ட கதைகளில் பெண்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாள். அப்பாவின் புத்தகத்தை எங்கேயோ தேடிப் பிடித்து முழுக்கப் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஓர் ஆண் இப்படி ஒரு பெண்ணை எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு தயங்கினாள்.

"ஒண்ணு கேக்கணும் அன்ரி, தப்பா நினைக்காதீங்க. கடைசி அத்தியாயம் மட்டும் ஒட்டவே இல்ல. நடை வேற, அந்தப் பொண்ணே வேற. அதை உங்க அப்பா எழுதலைன்னு நினைக்கிறேன். பத்திரிகையில யாரோ மாத்திட்டாங்க. யாருன்னு தெரியுமா?"

"பிள்ளை," என்றேன், "அந்த ஒண்டுதான் அப்பா தனிய எழுதினது."

அவள் பேனையை வைத்துவிட்டாள். நான் உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன், சிவப்புப் பென்சில் உட்பட. வெளியே ஆட்டம் முடிந்து சனம் கத்திக்கொண்டு போனது. எல்லாம் கேட்டு முடித்து அவள் மறுபடி பேனையை எடுத்தாள்.

"அம்மாவை எப்படிப் போடட்டும், அன்ரி? மிஸிஸ்னு அப்பா பேரையே போடவா?"

பெண்களே, நீங்கள் எத்தனை தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அம்மாவின் கையால் பிட்டுத் தின்றவர்கள் இந்தக் குழுவில் ஆறு பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் அன்ரி. மாஸ்டருக்கு மிஸிஸ். மாமிக்குத் தங்கச்சி. அப்பாவுக்கு இஞ்சேரும். எனக்கு அம்மா. அவருடைய பெயர் என்னவென்று உங்களில் ஒருத்திக்காவது தெரியுமா?

"வேண்டாம் பிள்ளை. அவவுக்குப் பேர் இருக்கு" என்றேன். "சிவபாக்கியம்."